நாலு தட்டு

வாக்கி டாக்கி வாங்குவதும் வெண்டைக்காய் வாங்குவதும் ஒன்றுதான் ஐயா. நுனியை ஒடித்துப் பார்க்காமல் பையில் போடக் கூடாது. படத்தில் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். கையில் எடுத்து, கிரீஸ் படிந்த கையுறையோடு பொத்தானை அமுக்கிப் பார்த்தால்தான் லட்சணம் தெரியும். உங்கள் முன்னால் மேசையில் இருப்பது நான் தேர்ந்தெடுத்த செட். எடுத்துப் பாருங்கள். நல்ல செட். எட்வர்ட் செத்துப்போனதால் அது கெட்ட செட் ஆகிவிடாது.

எட்வர்ட் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்கிறீர்கள். அதைச் சொல்லுமுன் இந்த செட்டை ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இந்த ரோலிங் மில்லுக்கு நான்தான் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவனைக் கடிந்துகொள்வது, கண்ணாடி போடாதவனை வெளியே அனுப்புவது, இதெல்லாம் என் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. குப்புராஜ் சார் வருகிறார் என்றால் சிரித்துக்கொண்டிருப்பவன் சிரிப்பை நிறுத்துவான். அதைப் பார்க்க எனக்கு ஒன்றும் சந்தோஷமில்லை. ஆனால் நான் வருவதற்கு முன்பே ஒருவன் சிரிப்பை நிறுத்திவிட்டு நின்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

மில்லில் பழுக்கக் காய்ந்த இரும்பை உருட்டும்போது அதன் மேலிருந்து செதில் உதிரும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய் ஒரு குழியில் சேர்க்கும். கிணறு மாதிரி ஆழமான குழி. நிறைந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு, கிரேனில் தொங்கும் இரும்புத் தொட்டியை உள்ளே இறக்கி, அடியில் படிந்த சேற்றை அள்ளித் தூக்க வேண்டும். கீழே நின்று தொட்டியை வாங்கி வைப்பவன் எட்வர்ட். மேலே கேபினில் கிரேன் ஓட்டுபவன் பென்னி. கேபினிலிருந்து பார்த்தால் குழியின் அடி தெரியாது. எட்வர்ட் கையிலிருக்கும் வாக்கி டாக்கிதான் பென்னிக்குக் கண்.

மில் ஓடும்போது பழைய செட்டில் பேசினால் இரைச்சல்தான் போய்ச் சேரும். அதனால் அவர்களாகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். பேசும் பொத்தானைச் சட்டென்று அமுக்கி விடுவார்கள். எதிர் செட்டில் கர்ரென்று ஒரு துணுக்குச் சத்தம் வரும். தட்டு என்பார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தூக்கு. மூன்று என்றால் இறக்கு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத முறை. ஆனால் ஒருநாளும் தப்பியதில்லை. இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிடுகிறேன், நான் நியாயமானவன்.

நாலு தட்டுதான் எனக்குப் புரியவில்லை.

தினமும் காலையில் நான் ஒரு சுற்று வருவேன். ஆட்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடி நிற்கும் நேரம் பார்த்து வருவேன். கேன்டீன் செண்பகம் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் போவாள். நான் ஷெட்டின் வாசலைத் தாண்டுவதற்குள் என் இடுப்பிலிருக்கும் செட்டில் நாலு தட்டு கேட்கும். உள்ளே போனால் எல்லார் தலையிலும் ஹெல்மெட். எல்லார் முகத்திலும் ஒரு மாதிரி நிம்மதி.

நான் சும்மா விடவில்லை. ஒருநாள் முன் வாசல் வழியாக வந்தேன். மறுநாள் எடைமேடைப் பக்கமாகச் சுற்றி வந்தேன். இன்னொரு நாள் ஸ்கிராப் குவியலுக்குப் பின்னால் புகுந்து, பேன்ட் கிழிந்து, வந்து சேர்ந்தேன். நேரத்தை மட்டும் மாற்றவில்லை, ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா. எந்த வழியாக வந்தாலும் நாலு தட்டு. யாரோ என்னை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. குழிப்பக்கம் நின்றால் எல்லா வாசலும் தெரியும். குழிக்குள் இறங்காத நேரமெல்லாம் குழிப்பக்கம் நிற்பவன் எட்வர்ட்.

ஐயா, பேனா மூடியை மேசையில் தட்டுவதை நிறுத்தினால் நன்றாக இருக்கும். நன்றி.

எட்வர்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில்தான் அவன் அம்மா ரோசம்மாள் நடவு நட்டாள். என்னைச் சின்ன ஆண்டே என்று கூப்பிடுவாள். அவன் என்னை சார் என்று கூப்பிட்டான். காலம் மாறிவிட்டது, மாறத்தானே வேண்டும். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அவனுக்கு டீ கொடுத்தாள். அந்த டம்ளரை இன்றைக்கும் வீட்டில் தனியாகப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சாம்பார்க் கரண்டியைப் பாத்திர விளிம்பில் நாலு முறை தட்டினாள். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள். அன்றைக்குத்தான் பழைய செட்டுகளை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வருத்தத்தோடுதான் முடிவு செய்தேன்.

மீஞ்சூரிலிருந்து நர்மதா என்ற பெண் மூன்று வகை செட் கொண்டுவந்து காட்டினாள். விவரமான பெண். முதல் வகை பொம்மைக் கடைச் சரக்கு, ஒருமுறை கீழே விழுந்தால் போயிற்று. இரண்டாவது டிஜிட்டல், ஆனால் பழைய முறையிலும் ஓடும். மூன்றாவது முழுக்க டிஜிட்டல். மில் இரைச்சலை வடிகட்டிவிட்டுக் குரலை மட்டும் கொண்டுபோகும். அவள் ஷெட்டின் ஒரு கோடியில் நின்று பேச, மறுகோடியில் எனக்குப் பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. மேனேஜர் அங்கேயே தலையாட்டிவிட்டார்.

அவர் போன பிறகு நர்மதா ஒன்று கேட்டாள்.

"சார், உங்க ஆளுங்க பேசாம வெறும் பட்டன் தட்டி சிக்னல் குடுக்கறாங்களா? சில மில்லுல பண்றாங்க. இதுல அது போவாது சார். அமுக்கினு இருக்கணும், பீப் வரணும், அப்பறம்தான் பேசணும். அப்டி யாராச்சும் தட்டறாங்கன்னா ரெண்டாவது செட்டே போதும்."

எங்கள் ஆட்கள் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், தட்டுவதெல்லாம் இல்லை என்று சொன்னேன்.

மற்ற விஷயங்களையும் பொறுமையாக விளக்கினாள். மில் முழுக்க ஒரே சேனல்தான், அதில் ஒருவர் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தால் இன்னொருவர் பேச முடியாது, அவர் செட் பொம்மென்று ஒரு சத்தம் போட்டுக் காத்திரு என்று சொல்லிவிடும். யாரும் மறதியாக அமுக்கிக்கொண்டே இருந்துவிடக் கூடாது என்று கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிடுகிற அமைப்பும் உண்டு. என் செட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம், அதிகாரி நீளமாகப் பேச வேண்டியிருக்கும் என்றேன். செட்டின் தலையில் இருக்கும் ஆரஞ்சு நிற அபாயப் பொத்தானையும் எல்லா செட்டிலும் அணைத்து வைக்கச் சொன்னேன். சட்டைப்பையில் பட்டுச் சும்மா சும்மா அலறினால் வேலை கெடும். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

செட் வந்ததும் எட்வர்ட் என் அறைக்கு வந்தான். நின்றுகொண்டே பேசினான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"சார், தொட்டி தல மேல வரச்சொல்ல பேச்செல்லாம் வராது சார். ஒரு தட்டு தட்டுனா பென்னி நிப்பாட்டிக்குவான். எங்க ரெண்டு பேரு செட்ட மட்டும் பழசாவே உட்ருங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

"எதுக்குப்பா பயப்படற?" என்றேன்.

"பயம்தான் சார். எனக்கு ரெண்டு புள்ளங்க இருக்குது" என்றான்.

இவ்வளவு கெஞ்சுகிறான் என்றால் அந்தத் தட்டில் அவனுக்கு எவ்வளவு லாபம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நானும் யோசித்தேன். இரண்டு செட்டைப் பழசாக விட்டால் நாலு தட்டும் அதோடு இருக்கும். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பழைய செட்டுகள் எல்லாவற்றையும் ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன்.

அவனுக்கு நானே பயிற்சி கொடுத்தேன். வேறு யாரிடமும் விடவில்லை. அமுக்கு, பீப் வரட்டும், பேசு. மறுபடியும் மறுபடியும் செய்யச் சொன்னேன். ஆரம்பத்தில் அவன் கட்டைவிரல் தானாகவே தட்டிவிட்டு நிற்கும். கைக்குப் பழகிப்போச்சி சார் என்று வெட்கமாகச் சிரிப்பான். ஆபத்து வந்தால் மனிதனுக்குப் புதிதாகக் கற்றது மறந்துபோகும், கை பழகியதைத்தான் செய்யும் என்று நான் வகுப்பில் படம் போட்டே சொல்லிக்கொடுப்பதுண்டு. எட்வர்ட் அப்படியில்லை, கடைசியில் நன்றாகக் கற்றுக்கொண்டான். அவனைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது.

அன்றைக்குக் குழி சுத்தம் செய்யும் நாள். நான் என் சுற்றில் இருந்தேன். டீ வண்டி ஷெட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. குழியின் விளிம்பில் வந்து நின்று கீழே பார்த்தேன். எட்வர்ட் முன்பே இறக்கச் சொல்லியிருந்த தொட்டி இறங்கிக்கொண்டிருந்தது. எட்வர்ட் ஒதுங்கி நிற்க வேண்டியவன் ஒதுங்கவில்லை. ஒரு கால் முழங்கால்வரை செதில் சேற்றில் புதைந்து மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

செட்டை நெஞ்சருகே தூக்கி ஒரு தட்டு தட்டினான். தொட்டி நிற்கவில்லை. இன்னொரு முறை தட்டினான். வகுப்பில் நான் சொன்னது சரிதான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பொத்தானை அமுக்கிப் பிடித்தான். பீப்புக்காகக் காத்திருந்தான். அவசரப்படவில்லை, முறையாகத்தான் செய்தான். பீப் வரவில்லை. சேனல் பிஸியாக இருந்தது. அவன் செட் பொம்மென்று சொல்லியிருக்கும், மில் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அவன் வாய் திறந்து மூடியது தெரிந்தது. மேலே கேபினில் பென்னிக்கு எதுவும் வரவில்லை. நிறுத்து என்று வராதவரை அவன் இறக்கத்தான் செய்வான். அவன் மேல் தவறில்லை. நீங்கள் அவனை விட்டுவிடலாம்.

கல்லறைத் தோட்டத்தில் பென்னி என் பக்கத்தில் வந்து நின்றான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவனிடம் நான் மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காமல், நாலு தட்டு என்றால் என்ன என்று கேட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றும் சொன்னேன்.

"டீ சார்" என்றான். "செண்பகாக்கா வண்டி உள்ள வர்றத எட்வர்டுதான் மொதல்ல பாப்பான். நாலு தட்டு தட்டுவான். டீ வந்துகினு இருக்குதுன்னு. வேற இன்னா சார்?"

பென்னி நல்லவன். செத்தவனைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். ரோசம்மாள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பரவாயில்லை, உட்காரு என்றேன்.

சேனல் ஏன் பிஸியாக இருந்தது என்று கேட்கிறீர்கள். நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று முதலிலேயே தெரியும். சொல்கிறேன், நான் எதையும் மறைப்பவனல்ல. புது செட் வந்த நாளிலிருந்து ஷெட்டின் வாசலில் நுழையும்போதே என் பொத்தானை அமுக்கிக்கொள்வேன். மைக்கின் மேல் ஒரு விரலை வைத்து அடைத்துக்கொள்வேன். சுற்று முடிந்து வெளியே வந்த பிறகுதான் விடுவேன். நான் வருவதை ஒருவரும் ஒருவருக்கும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அன்றைக்கும் அமுக்கியிருந்தேன். எட்வர்ட் தட்டும்போது அமுக்கியிருந்தேன். அவன் என்னைப் பார்த்தபோதும், என் கையிலிருந்த செட்டைப் பார்த்தபோதும் என் கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. விரலைத் தூக்கினால் போதும் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துவிட்டது. தொட்டி அடியைத் தொடுகிறவரை நான் விரலைத் தூக்கவில்லை. அதைத்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. நான் விரலைத் தூக்கியிருந்தால், அவன் என்னைப் பற்றித்தான் பேசியிருப்பான்.