ஆர்கனா, கீபோர்டா?

மார்க்கிரட்: ...கேக்குதா? நான் கைய எடுத்துட்டேன். அது இன்னும் கத்திக்கிட்டே இருக்கு.

சிவேந்திரன்: ஒரு கட்டைதானே ஆன்டி மாட்டியிருக்கு. அதுக்காக நூறு வருஷத்து ஆர்கன வேணாம்னு சொல்லிருவாங்களா?

மார்க்கிரட்: சொல்லணும் லா! பத்து நிமிஷத்துல கமிட்டி இங்க மேல வந்துரும். என் ஆர்கன், இல்லன்னா உன் கீபோர்டு, இனிமே சர்ச்சுக்கு ஒண்ணுதான். பேசாம உன்னோடத வெச்சுக்கட்டும்.

சிவேந்திரன்: ஐயோ, இந்தக் குழாய்ங்களுக்கு முன்னால அது வெறும் பொம்மை.

மார்க்கிரட்: உன்னோடதுல இருநூறு குரல் இருக்கு.

சிவேந்திரன்: இருந்துச்சு. போன வாரத்துலேர்ந்து ஒரே குரல்தான். நாய்.

மார்க்கிரட்: அது... கேட்டுக் கேட்டு பழகிரும்.

சிவேந்திரன்: ஞானஸ்நானத்துல 'ஆமென்' வாசிச்சேன் ஆன்டி. லொள் லொள்னுச்சு!

மார்க்கிரட்: பிள்ளை அழாம சிரிச்சுச்சே! என் ஆர்கனுக்கு எந்தப் பிள்ளை சிரிச்சிருக்கு?

சிவேந்திரன்: பாஸ்டர் தண்ணிய வெச்சுட்டு பெஞ்சுக்கு அடியில நாயத் தேடுனாரு... தள்ளுங்க, அந்தக் கட்டைய நான் பாக்குறேன்.

மார்க்கிரட்: தொடாத! ஷாக் அடிக்கும்!

சிவேந்திரன்: மரக்கட்டை எப்படி ஷாக்... இது என்ன? ஐஸ்கிரீம் குச்சியா? பாருங்க, உருவுனதும் சத்தம் நின்னுருச்சு.

மார்க்கிரட்: ...எலி கொண்டாந்திருக்கும்.

சிவேந்திரன்: எலி டேப் போட்டு ஒட்டுமா?

மார்க்கிரட்: மெதுவா பேசு!

சிவேந்திரன்: ஆன்டி... நீங்களா?

மார்க்கிரட்: முப்பத்தொரு வருஷம்டா. இந்தச் சுழல்படி ஏறி ஏறி என் முட்டியே போச்சு. விட்டுறேன்னு சொன்னா பாஸ்டர் கண் கலங்குறாரு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது கீழ உக்காந்து, எல்லாரையும் மாதிரி வாயத் தொறந்து பாடணும் எனக்கு. அவ்வளவுதான்.

சிவேந்திரன்: அதுக்காகத்தான் குச்சி வெச்சீங்களா?

மார்க்கிரட்: ஏன்டா இப்படி முழிக்கிற? படியில சத்தம் கேக்குது, வந்துட்டாங்க! குச்சியத் திரும்ப வை, நல்லா அழுத்தி. அப்படியே அந்த நாயையும் நிறுத்து. ஒண்ணையாவது ஒழுங்கா வாசிக்கணும் லா.

சிவேந்திரன்: நாய நிறுத்த முடியாது ஆன்டி.

மார்க்கிரட்: ஏன்?

சிவேந்திரன்: குரல் மாத்துற பட்டனப் பிடுங்கி கிள்ளான் ஆத்துல போட்டவனே நான்தான். சனிக்கிழமையெல்லாம் தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரில நைட் ஷிஃப்டு... எனக்கும் ஞாயித்துக்கிழமை தூங்கணும்.