ஐந்தில் மூன்று

அமெரிக்க வரலாற்றை எங்கள் கல்லூரியில் யாரும் விரும்பிப் படித்ததில்லை. அதைக் கடைசி மணி நேரத்தில் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கேண்டீன். வடை வாசனை வந்ததும் வாஷிங்டன் தோற்றுப்போவார். நீங்களும் அந்த வகுப்பில் இருந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஹபீப் முகம்மது. மூன்றாவது வரிசை. உங்களுக்கு நாற்பத்திரண்டு மதிப்பெண் போட்டேன். அதில் ஐந்து கருணை. சலுகை கேட்பதற்காக இதை நினைவூட்டவில்லை.

எனக்கு அந்தப் பாடம் பிடிக்கும். சோழர் வரலாறு நடத்தினால் பையன்களில் பாதிப் பேர் தாங்களும் அந்தப் பரம்பரை என்று கிளம்பிவிடுவார்கள். ஜெபர்சனுக்கு மாயவரத்தில் சொந்தக்காரர்கள் இல்லை. நிம்மதியாக நடத்தலாம்.

பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு மாநிலத்தில் எத்தனை தலை இருக்கிறதோ அதை வைத்துத்தான் சபையில் இடம். தென் மாநிலத்துப் பண்ணையார்கள் தங்கள் அடிமைகளையும் தலைகளாக எண்ணச் சொன்னார்கள். அடிமைக்கு ஓட்டு கிடையாது, சொத்து கிடையாது. எண்ணிக்கைக்கு மட்டும் வேண்டும். கடைசியில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு ஆள் என்று பேசி முடித்தார்கள். இதை நடத்தியபோது நீங்கள் எழுந்து கேட்டீர்கள்.

"சார், மீதி ரெண்டு பங்கு எங்க சார் போச்சு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் சொன்னதாக நினைவில்லை.

ஆட்சி மாறியபோது நான் மகிழ்ந்தவன். என் தோள் துண்டின் கரை கறுப்பு சிவப்பாக மாறியது. சமத்துவம் பற்றிப் பேச என்னை மேடைக்கு அழைப்பார்கள். நன்றாகப் பேசுவேன். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாது என்று அதே அரசு உச்சவரம்பு கொண்டுவந்தபோது கொள்கை அளவில் வரவேற்றேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு முப்பது ஏக்கர் இருந்தது. அது கொள்கை அல்ல, நிலம்.

எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். மிச்ச நிலத்தைப் பிறர் பெயரில் பினாமியாக எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் நாயின் பெயரில் எழுதிவைத்தார். தாசில்தார் ஆபீசில் நாயின் தகப்பனார் பெயர் கேட்டதில் மாட்டிக்கொண்டார். நான் அவ்வளவு அவசரப்படவில்லை. சீதனம் என்று மனைவி பெயரில் கொஞ்சம், மைத்துனன் பெயரில் கொஞ்சம். மடைத்தலையில் இருக்கும் ஐந்து ஏக்கரை ரெத்தினம் பெயரில் எழுதினேன். மேட்டூர் திறந்தால் வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர் அந்த நிலத்துக்குத்தான். அவ்வளவு நல்ல நிலத்தை மைத்துனனை நம்பிக் கொடுக்க முடியாது. ரெத்தினம் என் பண்ணையாள். அவன் அப்பாவும் எங்கள் பண்ணையாள். பிள்ளை குட்டி இல்லை. அதிர்ந்து பேசமாட்டான்.

ஒரே சிரமம், தாசில்தார் விசாரணைக்கு வந்தால் அது தன் நிலம் என்று அவன் சொல்ல வேண்டும். களத்தில் நிறுத்திப் பழக்கினேன்.

"இது யார் நிலம்?"

"ஐயா நிலம்ங்க."

"உன் நிலம். சொல்லு."

"ஐயாவோட... என் நிலம்ங்க."

"தரையைப் பாக்காம சொல்லு. துண்ட இடுப்புலேர்ந்து எடுத்துத் தோள்ல போடு."

அவன் மனைவி ராமாயி சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். "பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுசன் இவ்வளவு சத்தமா பேசலீங்க ஐயா" என்றாள். "இன்னும் நாலு நாள் விட்டீங்கன்னா என்னையே அதட்டுவாரு."

நான் கைவிடவில்லை. அறுவடை ஆட்களையே தாசில்தாராகவும் கணக்கப்பிள்ளையாகவும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னேன். கடைசியில் கண்ணைப் பார்த்து, தயங்காமல், "என் நிலம்ங்க" என்றான். ஆசிரியத் தொழிலில் எனக்கு இவ்வளவு நல்ல மாணவன் வாய்த்ததில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை.

விசாரணை நன்றாக முடிந்தது. வெளியே வந்தவன் முகம் சிவந்திருந்தது.

"ஐயா, நாற்காலி போட்டாங்க ஐயா. 'வாங்க ரெத்தினம்'னாரு தாசில்தாரு. யாரைக் கூப்புடுறாருன்னு நான் பின்னால திரும்பிப் பாத்தேன்."

இருவரும் சிரித்தோம். ஆனால் துண்டு திரும்ப இடுப்புக்கு இறங்கவில்லை. முதலில் மறதி என்று நினைத்தேன்.

நாற்காலி என்றதும் இன்னொரு பாடம். 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் பதவியேற்ற அன்று சாதாரண ஜனங்கள் சேற்றுப் பூட்ஸோடு வெள்ளை மாளிகைக்குள் புகுந்து, பட்டு மெத்தை போட்ட நாற்காலிகள் மேல் ஏறி நின்றார்கள். மதுத் தொட்டிகளைப் புல்வெளிக்கு எடுத்துப்போய் வைத்த பிறகுதான் வெளியேறினார்கள். வருடா வருடம் இதைச் சொல்வேன். வருடா வருடம் வகுப்பு சிரிக்கும். ஜனநாயகம் இப்படித்தான் உள்ளே வரும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிப்பேன்.

ஆடி மாதம் ரெத்தினம் நடவு வயலிலிருந்து நேராக என் வீட்டுக் கூடத்துக்கு வந்தான். நான்தான் கூப்பிட்டிருந்தேன். நிலத்தை மறுபடி என் பக்கம் எழுதிக்கொடுக்கக் கையெழுத்து வேண்டியிருந்தது. பேச்சுக்கு "உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். என் பிரம்பு நாற்காலியில். கணுக்கால் வரை சேறு.

"கையெழுத்து வேண்டாம்ங்க ஐயா. விவசாயச் சங்கத்துல கேட்டுட்டேன்."

"என்ன கேட்ட?"

"நிலம் யாருதுன்னு. என்னுதுதான்னாங்க. நானும் ரொம்ப யோசிச்சேன். ஐயாவே அத்தினி தடவை சொல்லச் சொன்னீங்க."

அவனுக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டான்.

"வேணும்னா ஐயாவே குத்தகைக்கு எடுத்துக்குங்க. நான் நெருக்க மாட்டேன்."

அதில் கேலி இல்லை. உதவி செய்யும் முகம்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அவன் போன பிறகு என் மனைவி மங்களாம்பிகை, "அவன நாற்காலியில உக்கார வச்சு அழகு பாத்தீங்களாக்கும்" என்று சொல்லி, அதைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தேங்காய் நாரால் தேய்த்தாள். நான் கண்டித்தேன். அந்த மாதிரி எண்ணங்கள் எனக்குக் கிடையாது. அதன் பிறகு அந்த நாற்காலியில் நான் உட்காராததற்குக் காரணம் முதுகு வலி.

எங்கள் வீட்டுப் பத்தாயத்தை நீங்கள் பார்த்தீர்கள். ஓர் அறை அளவு, தேக்குப் பலகை. நெல் கொட்ட மேலே ஒரு வாய், அதற்குக் கனமான மூடி, மூடிக்கு வெளியே தாழ்ப்பாள். நெல் எடுக்கக் கீழே சின்னக் கதவு. கீழே நெல் இறங்காமல் சிக்கினால் ஏணி வைத்து ஏறி, ஓர் ஆள் உள்ளே இறங்கித் தள்ளிவிட வேண்டும். அது எப்போதும் ரெத்தினத்தின் வேலை. அந்த வருடம் அந்துப்பூச்சிக்கு மாத்திரை புதிதாக வந்திருந்தது. நெல்லில் போட்டு மூடிவிட்டால் அதிலிருந்து வரும் ஆவியில் எல்லாம் சாகும். பல நாள் திறக்கக் கூடாது என்று டப்பாவில் இங்கிலீஷில் போட்டிருந்தது. ரெத்தினம் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

சம்பா அறுவடை முடிந்திருந்தது. மங்களாம்பிகை நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருந்தாள். மாத்திரை போட்ட மறுநாள் காலை, நெல் சிக்கியிருக்கிறது என்று ரெத்தினத்துக்கு ஆள் அனுப்பினேன். ஐந்து ஏக்கர்காரன், வரமாட்டான் என்று ஓர் எண்ணம் இருந்தது. வந்தான்.

"வேற ஆளுக்கு இந்தப் பத்தாயம் பழக்கமில்லீங்களே" என்றான்.

துண்டை எடுத்து மடித்து அந்தப் பிரம்பு நாற்காலியின் முதுகில் போட்டான். ஏணியில் ஏறி மூடியைத் திறந்தான்.

"பூண்டு வாடை அடிக்குதுங்களே ஐயா."

"சமையல்கட்டுல உரிக்கிறாங்க" என்றேன்.

சமையல்கட்டில் யாரும் இல்லை. அவன் இறங்கினான். நான் ஏறி மூடியைப் போட்டேன். தாழ்ப்பாளும் போட்டேன். பிறகு கூடத்தில் உட்கார்ந்து மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் வந்தது. அப்போதும் அவன் "ஐயா" என்றுதான் கூப்பிட்டான். மரியாதை குறையவே இல்லை. அதை அவசியம் பதிவு செய்யுங்கள். அன்று திருத்திய தாள்களில் தாராளமாகவே மதிப்பெண் போட்டிருந்தேன்.

மாத்திரை போட்டது தெரியாமல் தானாக இறங்கிவிட்டான் என்பதுதான் நான் சொல்லவிருந்தது. அதற்குத் தாழ்ப்பாளை நீக்கிவைத்தால் போதும். ஆனால் சத்தம் நின்றதும் எழுந்து நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சாவு நடந்த வீட்டில் முதலில் குளிப்பது பழக்கம். அந்த நேரத்தில் ராமாயி அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள். நாற்காலியில் துண்டைப் பார்த்திருக்கிறாள். ஏணியைப் பார்த்திருக்கிறாள். தாழ்ப்பாளை நீக்கியது அவள் கை. பகுத்தறிவு பற்றி மேடை மேடையாகப் பேசியவன் தீட்டுக் குளியலால் மாட்டியிருக்கிறேன். கல்லூரியில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

காரியம் முடியும் வரை அவள் வாய் திறக்கவில்லை. மறுநாள் மடைத்தலையில் நின்றிருந்தாள். மூத்த மகனுக்கே எல்லாச் சொத்தும் என்ற வழக்கத்தை அமெரிக்கர்கள் ஒழித்ததைப் பக்கம் பக்கமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு பண்ணையாளுக்கும் வாரிசு உண்டு என்பது அவளை அங்கே பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. கேட்டுப் பார்த்தேன்.

"இது யார் நிலம்?"

அவளுக்கு நான் பயிற்சி கொடுத்ததில்லை.

"என் நிலம்" என்றாள். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, அப்படியே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

உள்ளே இறங்கியவர் வெளித் தாழ்ப்பாளை எப்படிப் போட்டுக்கொள்வார் என்று உங்களிடம் கேட்டாளாமே. நியாயமான கேள்வி. உங்கள் மீதி இரண்டு பங்குக்குப் பிறகு நான் கேள்விப்பட்ட நல்ல கேள்வி.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உங்கள் தமிழ் தேறியிருக்கிறது. மாத்திரை, மூடி, தாழ்ப்பாள், எல்லாம் சரி. எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். கடைசி வரியில், ஓர் ஆளைக் கொன்றேன் என்று இருக்கிறது.

அந்தக் கணக்கை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.