நாப்பது வாட் பல்பு

அந்த ஒரு சுவிட்ச மட்டும் தொடாதீங்க சார். மத்ததெல்லாம் அடைச்சிட்டீங்கல்ல, போதும்லா. தெரியுது, எல்லாத்தையும் அடைச்சும் மீட்டர் ஓடுது. இந்தக் காலேஜுக்கு ராத்திரி காவல் பாக்கிற ஜாகா நான்தானே, எனக்குத் தெரியாதா?

கரண்டு எங்க வீணாப் போகுதுன்னு பாக்கத்தான் கோலாலம்பூர்லேருந்து இஞ்சினியர் உங்கள வரவழைச்சிருக்காங்க. நல்லதுதான். இந்தப் பழைய லேப்புல ஏர்கோன் ஓடும், சன்னல் சாத்தாது. புகை இழுக்கிற ஃபேன வெள்ளிக்கிழமை போட்டா திங்கக்கிழமைதான் நெனப்பு வரும். தராசு முள்ளு காத்துல ஆடிக்கிட்டே நின்னா பிள்ளைங்க என்னத்த ஆராய்ச்சி பண்ணும்? புது லேப்பு, புது மெசினு வரட்டும், நான் வேணாங்கல.

ஒயரா? ஆமா, வேலிக்கு அந்தப் பக்கம்தான் போகுது. இழுத்தது நான்தான். லைப்ரரில தூக்கிப்போட்ட புஸ்தகத்தப் பாத்துப் படிச்ச வேல. ஷாக் அடிக்காது, கைய எடுங்க.

அந்த ரப்பர் மரத்துக்கு அங்கிட்டு வரிசை வீடா லயம் தெரியுதா? கடசி வீடு என்னோடது. தோட்டத்த வித்துட்டாங்க சார். வாங்கினவன் மொத வேலையா லயத்துக்குக் கரண்ட வெட்டிட்டான். கடசி வரைக்கும் குடியிருக்கிறவனுக்கு மட்டுந்தான் மாத்து வீடாம். தோட்டத்துல ஆளுங்கள மேய்ச்ச சன்னாசி மண்டோர் இருக்கானே, இப்ப வாங்கினவனோட ஆளு, ராத்திரியில மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு நோட்டம் பாக்க வருவான். இருட்டாக் கெடந்தா அது காலி வீடு. மறுநாளே கூரைத் தகரத்தக் கழட்டிருவான். பக்கத்து வீட்டு முத்தாயி மந்தின் டவுன்ல இருக்கிற மக வீட்டுக்கு ஒரு ராத்திரி போனா, அவ்ளோதான். வந்து கதவத் தொறந்தா அடுப்பு மேல வானம்.

எனக்கு ஆளு யாரு சார்? பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. ராத்திரி வீட்ல கெடந்தா வேல போகும். வேலைக்கு வந்தா வீடு போகும். மண்ணெண்ண வெளக்கா? நல்லாச் சொன்னீங்க! பலகை வீட்ல ஆளில்லாம எரியவிட்டா மண்டோருக்கு வேல மிச்சம். அதான் பல்பு. விடிய விடிய எனக்குப் பதிலா அதுதான் அங்க குடியிருக்கு.

ரொம்ப நாளைக்குக் கேக்கல சார். இந்த மாசக் கடசி வரைக்கும் விட்டுக்குடுங்க. புது லேப்புக்கு அலாரம் மாட்டப்போறாங்களாம்ல, அடுத்த மாசத்துலேருந்து ஜாகா தேவையில்லன்னு நேத்துக் கூப்ட்டுச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வெட்டிக்குங்க. ராத்திரியெல்லாம் நானே வீட்லதான் இருப்பேன்லா.