மணிலாக் கப்பலின் வழிவந்த மக்காரியா அம்மையாருக்கு

ஆழி கடந்து வந்தோர் வரலாற்றை மெக்சிக்கோவின் அக்கபுல்கோ நகருக்கு அறிவித்த அறிவுச்சுடரே! எங்கள் கடல்வழிக் காட்சியகத்தின் காப்பாட்சியராய் முப்பதாண்டு ஒளிர்ந்து இன்று ஓய்வு பெறும் மக்காரியா தொர்னெஸ் அம்மையாரே! பணிந்து வணங்குகிறோம்.

மணிலாவிலிருந்து வந்த பாய்மரக் கப்பல்கள் பட்டுத்துணியையும் பீங்கானையும் மட்டுமா இறக்கின? கொடுமை தாளாது தப்பியோடி, அருகிலுள்ள கொயூக்காக் கரையில் தென்னையேறிக் கள்ளிறக்கிப் பிழைத்த மாலுமிகளையும் அல்லவா இறக்கின! பிலிப்பைன்ஸ்காரராயினும் ‘சீனர்’ என்று ஊர் இகழ்ந்த அம்மக்களுக்கென ஒரு கூடம் வேண்டுமென மேலிடத்தோடு மோதி வென்றவர் தாங்கள். தாங்களும் அவ்வழி வந்தவர் என்பதை மட்டும் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

“வெறும் புகழ்னா எனக்கு வேணாம், அந்த நாளையும் எழுதுங்க” என்று தாங்கள் பணித்ததால் அதையும் எழுதுகிறோம்.

அக்கூடத்தின் திறப்பு விழா. விருந்தினர் நிறைந்த வாயிலில், கள்ளுக்குடுவையைத் தோளில் தொங்கவிட்டபடி ஒரு முதியவர் வந்தார்.

“எம் மவ கட்டுன கூடம்யா இது, வழிய விடு.”

காவலர் செவேரோ தங்கள் பக்கம் திரும்பி, “அம்மா, இந்தச் சீனக் கிழவன் உங்க அப்பனாம்ல!” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

“யாருன்னு தெரியலையே” என்றீர்கள்.

தங்கள் தந்தை நபோர் தங்களையே பார்த்தார். “மன்னிச்சுக்க தாயி, எடம் மாறி வந்துட்டேன்” என்று திரும்பி நடந்தார்.

மேடையில், தென்னையேறிய முன்னோரைப் பற்றிய முதல் வரியிலேயே தங்கள் குரல் உடைந்தது. “இப்பப் போனாரே, அவருதான் எங்கப்பா!” என்று ஒலிபெருக்கியில் கதறிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினீர்கள். அவர் தங்கள் கண்ணீரைத் துடைத்தார்; திரும்பி வர மட்டும் இசையவில்லை.

“உம்மேல கோவமில்ல புள்ள. அந்த வாசல்தான் எனக்கு வேணாம்.”

அன்றுமுதல், கூடம் காண வந்த பள்ளிப் பிள்ளைகள் அனைவரிடமும் “இது எங்கப்பாவோட சனம்” என்றே தொடங்கினீர்கள். அந்தத் துணிவைப் போற்றுகிறோம், அம்மையே! ஆயினும் போற்றும் வாய் கூசுகிறது. எங்கள் தேநீர் வேளைகளில் ‘சீனன்’ கேலி ஓய்ந்ததே இல்லை. அதையெல்லாம் பேசாது கேட்டிருந்த ஒருவர் அன்று வாயிலில் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? அச்சொல் தங்களுடையது, அதைச் சொல்லவைத்த சிரிப்பு எங்களுடையது.

இன்றும் தங்கள் தந்தை உள்ளே வரவில்லை. தெருவோர மாமர நிழலில், மகளை அழைத்துப்போகக் காத்திருக்கிறார்.

நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் தாங்கள் வாழ்க! மாலை சூட்டுமுன் சற்றே பொறுத்தருள்க. நாங்கள் எல்லோரும் முதலில் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். செவேரோ அதோ எழுந்துவிட்டார்.

தலைகுனிந்த அன்புடன்,
கடல்வழிக் காட்சியக ஊழியர்கள்
அக்கபுல்கோ