கிணற்றில் பாதி பாகம்

காலை ஆறு மணிக்கு எழுந்திருப்போம். நான் தெருக் குழாயில் நான்கு குடம் தண்ணீர் பிடித்து வைப்பேன். பொன்செல்வி பால் காய்ச்சுவாள். சிமெண்ட் மூட்டைகளின் மேல் போட்ட தார்ப்பாயை விலக்கி, ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். காப்பி குடிப்போம். ஏழே காலுக்குக் கொத்தனார் வருவார். அவருக்கும் ஒரு டம்ளர். பிறகு நான் பல்…

“நிறுத்துலே,” என்றான் சமீர். “பேய்க் கதைன்னா ராத்திரியில ஆரம்பிக்கணும். நீ பல்லு வெளக்குததுல ஆரம்பிக்க.”

மூன்று பேர் இருந்தோம். குற்றாலத்தில் நான் மாத வாடகைக்குத் தங்கியிருக்கும் லாட்ஜின் மாடி அறை. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. மெழுகுவர்த்தி கொண்டுவந்த மேனேஜர் நெல்லையப்பன் அண்ணாச்சி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சமீர் பக்கத்து அறைக்காரன். தன் சாச்சாவுக்குப் புளியரை மலை ரோட்டில் நடந்ததைச் சொல்லி முடித்திருந்தான். அண்ணாச்சி தன் சகலையின் தம்பியைப் பற்றிச் சொன்னார். அடுத்து என் முறை. என்னுடையது எனக்கே நடந்தது.

சரி. ராத்திரி பன்னிரண்டரை மணி. செங்கோட்டையிலிருந்து இலஞ்சி வழியாக மேலகரம் வரும் ரோடு. இரண்டு பக்கமும் வயல். தவளைச் சத்தம். பைக் வெளிச்சத்தில் சாரல் மட்டும் தெரியும். லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு மாலை ஷிப்ட், தினமும் அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில்தான் வருவேன். ஆனால் அந்த ரோட்டில் நான் எதையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் வீட்டில். காலையில். அதனால்தான் காலையிலிருந்து தொடங்கினேன்.

சமீர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

வீடு மேலகரத்தில். எண்பது வருஷத்து ஓட்டு வீடு. கல்யாணமான இரண்டாம் வருஷம் வாங்கினோம். அவளுடைய நகையும் வங்கிக் கடனும் வாங்குவதற்கே சரியாகப் போயின. பழுது பார்க்க ஒன்றரை லட்சம் இருந்தது. அதற்கு மேல் எங்கும் கேட்க முடியாது. முதல் நாள் ஓட்டைப் பிரித்தால் அதைத் தாங்கும் கைமரம் முழுக்கக் கரையான். விரலை வைத்தால் உள்ளே போனது.

“வீடு வாங்கினீங்களா, கரையான் புத்து வாங்கினீங்களா?” என்றாள் பொன்செல்வி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்போது எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. ‘மனையிலுள்ள கிணற்றில் பாதி பாகம் உட்பட.’ வீட்டில் கிணறே கிடையாது. பத்திரம் எழுதியவரிடம் கேட்டேன். பழைய பத்திரத்தில் உள்ளதை அப்படியே எழுதுவதுதான் வழக்கம் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

கிணறு பின்னறையில் இருந்தது. சிமெண்ட் தரையைக் கொத்தி எடுத்தபோது கீழே நான்கு கல் பலகைகள். ஒன்றை நெம்பித் தூக்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பாசி வாடை. உள்ளே ஒரு கல்லைப் போட்டேன். கொஞ்ச நேரம்… பிறகு தண்ணீர்ச் சத்தம்.

கொத்தனார் பெயர் உச்சிமாகாளி. அறுபது வயது இருக்கும். கிணற்றைப் பார்த்துவிட்டு நூல் எடுத்து வரச் சொன்னார். வீட்டின் எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்குக் கட்டினார். நூல் கிணற்றின் நட்டநடுவில் போனது. பின்னறையின் மேற்குப் பாதியை யாரோ எல்லையைத் தாண்டிக் கட்டியிருக்கிறார்கள்.

“இது பங்குக் கெணறு தம்பி,” என்றார். “அடுத்த பாதிக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மூடுங்க.”

மேற்கே முள் மண்டிய வெறும் மனை. தெருவில் விசாரித்தேன். யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்க ஆளில்லை என்றால் முழுக் கிணறும் நமக்குத்தான் என்று கொத்தனாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மூடுவதற்குச் செலவு ஒதுக்கவில்லை. முன்னறையில் இடித்த சுவரின் மண்ணும் செங்கல்லும் வாசலில் குவிந்து கிடந்தன. அதைக் கொட்டினோம். சாயங்காலத்துக்குள் விளிம்பு வரை நிரம்பிவிட்டது. அன்று செலவே இல்லாமல் ஒரு வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. பொன்செல்வி கூப்பிட்டாள்.

மண் இறங்கியிருந்தது. இறங்கத்தான் செய்யும். ஆனால் மேற்குப் பாதி மட்டும் இறங்கியிருந்தது. ஒரு ஆள் ஆழம். கிழக்குப் பாதி கொட்டியபடியே விளிம்பு வரை நின்றது. நடுவில் சுவர் மாதிரி… உதிரி மண்ணும் உடைந்த செங்கல்லும் செங்குத்தாக நின்றன. ஒரு பொடிக்கல்கூட உதிரவில்லை.

உச்சிமாகாளி அண்ணாச்சி அந்த மண்சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். நூல் இம்மி விலகவில்லை. குண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். வெளியே போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தார்.

சரள் மண் ஒரு லோடு அடித்தோம். மறுநாள் காலை அதே பாதி, அதே ஆழம். இன்னொரு லோடு. அதுவும் போனது. வயரிங்குக்கு வைத்திருந்த பணம் அந்தக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான்காம் நாள் கொத்தனார் ஒரு யோசனை சொன்னார். நூல் போன இடத்தில் குறுக்குச் சுவர் ஒன்று கட்டிவிடலாம். அறையில் பாதி நமக்கு. மீதியின் கூரையைப் பிரித்து, கிணற்றின் அந்தப் பாதியை வானம் பார்க்க விட்டுவிடலாம். அவர்கள் பாதி அவர்களுக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர், அஸ்திவாரம், லிண்டல். கூரைக்கு வைத்திருப்பதில் பாதி போய்விடும். கையில் மிஞ்சுவது ஆறடி அறை.

“பாதி ரூம் போதும்ங்க,” என்றாள் பொன்செல்வி. “நாம ரெண்டு பேருதான. அவங்க எடத்த அவங்களுக்கு விட்டுருவோம்.”

யாருக்கு என்று கேட்டேன். அவள் குழியைப் பார்த்தாள். வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான்தான். கொத்தனார் அன்றைய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. தென்காசியிலிருந்து வேறு ஆள் கூட்டி வந்து, கிணற்றின் மேல் கம்பி கட்டி கான்கிரீட் போட்டேன். அதன் மேல் டைல்ஸ். வெள்ளை நிறம், கடையில் மிஞ்சிப்போன பெட்டிகள், பாதி விலை. அறை பளிச்சென்று ஆனது.

பணம் அத்தோடு தீர்ந்தது. கூரை வேலை பின்னறையில் மட்டும் முடிந்திருந்தது. முன்னறைக்குத் தார்ப்பாய்தான். ஜூன் மாதம் சாரல் பிடித்ததும் முன்னறை முழுக்க ஒழுகியது. படுப்பதற்கு அந்த அறையைத் தவிர வேறு இடமில்லை. கட்டிலை ஃபேனுக்குக் கீழே போட்டோம். நான் நேரம் கழித்து வருவதால் கதவுப் பக்கம் எனக்கு. அது கிழக்கு. சுவர்ப் பக்கம் அவளுக்கு.

முதல் வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் காலை தரையில் ஈரம். மேற்குப் பாதியில் மட்டும். டைல்ஸின் நடுவில் கோடு போட்டதுபோல் நின்றது. நான் கூரையைப் பார்த்தேன். சொட்டு இல்லை. சுவரைத் தடவினேன். காய்ந்திருந்தது. பூமியின் ஈரம் மேலே ஏறுகிறது, மழைக்காலத்தில் அப்படித்தான் என்று சொன்னேன். ஈரம் ஏறாமலிருக்கப் பூசும் மருந்து ஒரு டப்பா வாங்கி வந்தேன். அதுவும் எதிர்பாராத செலவு. பூசினேன். மறுநாள் காலை அதே பாதி ஈரம். பொன்செல்வி தினமும் துடைத்துப் பிழிவாள். வாளியில் பச்சை நிறத் தண்ணீர் தேங்கும். பாசி வாடை அடிக்கும்.

அப்புறம் அவள் ஒரு சத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் வருவதற்கு முன், பதினொரு மணி வாக்கில். கீழே கப்பி சுற்றும் சத்தம். கிர்… கிர்… நிற்கும். வாளி தண்ணீரில் விழும். மறுபடி கிர்… கிர்… யாரோ நிதானமாக இறைக்கிறார்கள். அந்தக் கிணற்றில் மண்ணும் செங்கல்லும்தான் இருக்கின்றன, மேலே கான்கிரீட் இருக்கிறது என்றேன்.

“தெரியும்,” என்றாள். “அவங்க பாதிக் கெணத்துல எறைக்காங்க. நம்ம பாதியில ஒண்ணும் செய்யல.”

சிரிப்பது நின்றுபோயிருந்தது. முன்னறையில் படுக்கலாம், நனைந்தாலும் பரவாயில்லை என்றாள். காய்ச்சல் வரும் என்றேன். அந்தச் சுவரைக் கட்டிவிடலாம் என்றாள். தீபாவளிக்கு போனஸ் வரும், அப்போது கட்டுவோம் என்றேன். எத்தனை மாதம் என்று கேட்டாள். நான்கு என்றேன். அவள் ஈரத் துணியைப் பிழியப் போனாள். அந்த ராத்திரி கான்கிரீட்டை உடைக்கலாமா என்று நான் யோசித்தது உண்மை. டைல்ஸ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடைக்க மனசு வரவில்லை.

மெழுகுவர்த்தி சாய்ந்தது. நெல்லையப்பன் அண்ணாச்சி அதை நிமிர்த்தி வைத்தார்.

ஜூலை மாதம். நான்கு நாள் விடாத சாரல். அன்றைக்கு ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். மேலகரம் முழுக்க இருட்டு. கரண்ட் இல்லை. கதவைத் திறந்து, சட்டையை மாற்றிக்கொண்டு படுத்தேன். தூங்கிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

தொட்டேன். சில்லென்று இருந்தாள். சேலை நனைந்திருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மெத்தை நடுவில் கோடு போட்டதுபோல், அந்தப் பக்கம் ஊறிக் கிடந்தது. என் பக்கம் உலர்ந்து இருந்தது. என் தலையணையில் ஒரு சொட்டுகூட இல்லை. அவள் நகங்களில் பாசி இருந்தது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். இருபத்தாறு வயது. பின்னறைக் கூரை ஒழுகியதா என்று போலீஸில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஏணி போட்டுப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்கவில்லை. விற்பதானால் பத்திரத்தில் அந்த வரியை மறுபடியும் எழுத வேண்டும்.

சமீர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு எல்லோரும் கேட்பதை அவனும் கேட்டான். கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று.

அவளுடைய அம்மாவிடம், ‘சாப்பிட்டீங்களா’ என்று என்னைக் கேட்டதுதான் கடைசி என்றேன். அவர்கள் அழுதார்கள். போலீஸில், நான் வரும்போதே தூங்கிவிட்டாள் என்றேன். இரண்டும் பொய்.

அன்று நான் படுக்கும்போது கட்டிலில் எனக்கு இடம் இல்லை. அவள் நடுவைத் தாண்டி என் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தாள். அலுப்பு. தள்ளிப் படு என்றேன். நகரவில்லை. தோளில் கை வைத்துத் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தாள். மறுபடி தள்ளினேன். அப்போது அவள் தூக்கத்தில் இல்லை. முகத்தை என் காதருகே கொண்டுவந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

“இதுக்கு மேல நகர முடியாதுங்க… அந்தப் பக்கம் ஆள் படுத்திருக்கு.”