லேத்து பார்க்க வந்த நாலாவது ஆள்

"...அதுவும் சத்தம்னா சத்தம் தம்பி, பக்கத்து வீட்டு சீனப் பாட்டி தகரத்தத் தட்டுவா. நீங்க குயின்ஸ்டவுன்ல புது அடுக்குமாடின்னு சொல்றீங்க, கீழ்வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? அறுபது வெள்ளிக்கு வருதேன்னு ஆசைப்படாதீங்க லா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அப்துல் முத்தலிப் தலையாட்டினார். சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. மரக்கிண்ணம் கடையப் பழக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதற்கான லேத்து மெஷினைப் புதிதாக வாங்க வசதியில்லை. பழைய லேத்து விற்பனைக்கு என்று மளிகைக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, கேலாங்கில் இந்த வீட்டின் பின்கொட்டகைக்கு வந்து அரைமணி நேரமாகிறது. மெஷினுக்குச் சொந்தக்காரர் கோவிந்தசாமி கப்பல் பட்டறையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவர் மனைவி ரத்தினம்மாதான் மெஷினைக் காட்டினார். காட்டினார் என்பதைவிட, அதற்கு முன்னால் நின்றுகொண்டார்.

"தொடாதீங்க, கிரீஸு... உங்களுக்கு எதுக்கு இது, நாற்காலிக் கால் கடையவா? கிண்ணமா? அப்ப நீளத்தப் பாத்து ஏமாறாதீங்க. போன வாரம் ஒலி முகம்மதுன்னு ஒருத்தர் வந்தாரு, ஆறடி நீளம் வேணுமாம். கிண்ணத்துக்கு நீளம் எதுக்கு? சுத்துற தண்டுக்கும் கீழ இருக்கற இரும்புக்கும் நடுவுல எவ்ளோ எடம் இருக்கோ, அதுதான் உங்க கிண்ணத்தோட பாதி அகலம். அப்புறம் கனம். லேசா இருந்துச்சுன்னா, பலாக்கட்டைய மாட்டினதும் மெஷினே நடக்க ஆரம்பிச்சுடும். வேகம் ஒண்ணே ஒண்ணுதான்னா சும்மா குடுத்தாலும் வேணாம். மெதுவாவும் ஓடணும். கையில இருக்கறத பூரா மெஷினுக்கே போட்றாதீங்க, உளிக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வைங்க..."

முத்தலிப் எட்டிப் பார்த்தார். கனமான இரும்பு. அகலமும் இருந்தது. மூன்று வேகம். தண்டை ஆட்டிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"அது ஆடாது," என்றார் ரத்தினம்மா. பிறகு, "ஆடும். சில நேரம்."

முத்தலிப் அவரையே பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க... சரி, நானும் கொஞ்சம் ஓட்டியிருக்கேன். ரெண்டு வருஷம் அவருதான் ஓட்டினாரு தம்பி, சோத்துல மரத்தூளு, பாயில மரத்தூளு. நான் வேணுமா இந்த இரும்பு வேணுமான்னு கேட்டேன். பாவம், ஓட்டறத நிறுத்திட்டாரு. அப்புறம் ஒரு நாளு, துருப்பிடிச்சுப் போயிடுமேன்னு நான் சுவிட்சத் தட்டினேன். பாதி கடஞ்ச கட்ட ஒண்ணு அதுலயே மாட்டிக் கெடந்துச்சு. உளிய வச்சேன்... சுருள் சுருளா வருது. அன்னிக்கு உலை வைக்கவே மறந்துட்டேன். இப்ப அரிசி டின்னுக்குப் பின்னால பதினேழு கிண்ணம் கெடக்கு. அவருக்குத் தெரியாது. போன மாசம் வந்து, 'உனக்காக மெஷின விக்கிறேன்'ங்கறாரு. மொகமெல்லாம் சந்தோசம். நான் என்னத்தச் சொல்ல? மூணு பேரத் திருப்பி அனுப்பிட்டேன். ஒவ்வொரு ஆளும் வாங்காம போகப் போக அவரு வெலையக் கொறச்சுக்கிட்டே வர்றாரு. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள போகலன்னா சுங்கை ரோட்டுல பழைய இரும்புக்குப் போட்டுருவாராம். எல்லாம் என் வாயி..."

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. கோவிந்தசாமி சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே கொட்டகைக்குள் வந்தார்.

"என்ன தம்பி, புடிச்சிருக்கா?"

ரத்தினம்மா முந்தானையால் மெஷினைத் துடைத்தார்.

முத்தலிப்புக்குப் பிடித்துத்தான் இருந்தது. இந்த விலையில் இப்படியொன்று இனி அமையாது என்றும் தெரிந்தது. ஒருமுறை மெஷினைத் தடவிப் பார்த்தார்.

"ரொம்பப் புடிச்சிருக்கு அண்ணே. ஆனா இதுல கடையிற ஆளு உங்க வீட்லயே இருக்காங்க. அவங்களக் கேட்டுட்டு வித்துக்குங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். கோவிந்தசாமி உள்ளே ஏதோ கேட்பது அவர் காதில் விழுந்தது. ரத்தினம்மாவின் பதில் சந்து முனைவரை கேட்டது.

"மூணு மாசமா உளியெல்லாம் பளபளன்னு இருக்கே, யாரு தீட்டுறான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா நீங்க?"