தலைவரின் மணியும் பல் மருத்துவரின் கதையும்

மேசை மணியின் மேல் விரலை வைத்தபடி மாண்போடு வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என் முகத்தை அளக்கும் மூத்தோர்களே! வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, இந்த வாயாடியின் வாய்வீச்சைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் உட்கார்ந்தால் பாதியில் நழுவலாம் என்று நம்பியிருக்கும் நண்பர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

அடடா! தலைவர் மணியைத் தட்டினார், உடனே நீங்கள் கையைத் தட்டிவிட்டீர்கள். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே, எதற்குத் தட்டினீர்கள்? என்னம்மா? "மணி அடிச்சாங்க, தட்டினோம்" என்கிறீர்களா? நல்லது. அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நாளைய உலகம் இப்படி நாசமாகிவிடுமோ என்று நடுங்கவைக்கும் கதைகளை டிஸ்டோப்பியா என்கிறார்கள். அப்படிப்பட்ட சிறுகதைகளுக்கு நம் மன்றம் போட்டி வைத்தது. நடுவர்களில் நானும் ஒருவன். வந்த கதைகளில் வானம் கறுத்தது, வையம் வெடித்தது, வரிக்கு வரி கண்ணீர் வழிந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்! என்னைத் தூங்கவிடாத கதை ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவர், அதோ மூன்றாம் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் நம் பல் மருத்துவர் அம்மா.

அந்தக் கதையில் ஒரு நகரம். மணி அடித்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். ஒருநாள், கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி தட்டவில்லை. யாராவது அடித்தார்களா? இல்லை. யாராவது அதட்டினார்களா? இல்லை. அக்கம்பக்கத்தார் சிரித்த முகத்தோடு வந்தார்கள். "பாவம், அசதியா இருக்கும். குழந்தையை இப்படிக் குடும்மா" என்று வாங்கிக்கொண்டார்கள். அவள் மணிக்கட்டுகளைப் பிடித்து, அவளுக்காக அவர்களே தட்டினார்கள். கதை எப்படி முடிகிறது தெரியுமா? 'பேச்சு வருமுன்பே குழந்தைக்கு அழகாகத் தட்ட வந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.'

தலைவருக்குப் பிடிக்கவில்லை. "பயங்கரமான கதை கேட்டா, கல்யாண வீட்டு வர்ணனை மாதிரி எழுதியிருக்கீங்களே! நாலு இடத்துல அழ வைங்க, பரிசு தர்றேன்" என்றார். "மாத்த மாட்டேங்க" என்றார் மருத்துவர். இன்று என் பேச்சு முடிந்ததும் தலைவர் தீர்ப்புச் சொல்வார். அதனால் பேச்சை முடிக்காமலே இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை. பயப்படாதீர்கள்!

தலைவரே, போன மாதம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் இவர்தான். கையில் குறடு, குரலில் தாலாட்டு. "ஒண்ணுமில்ல சார், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குக் குலை நடுங்கியது! கதையின் கரு அந்தக் குறடு. கதையின் தொனி அந்தக் குரல். குறடே வந்து "நான் குறடு, நான் குறடு" என்று கூவினால் நாம் வாயைத் திறப்போமா? கொடுமை கொம்போடு வந்தால் கூட்டம் கலைந்து ஓடும். குழைந்து கொஞ்சிக்கொண்டு வந்தால், குழந்தையையே கொடுத்துவிட்டுக் கும்பிடும்! அதைச் சொல்லத்தான் அந்தச் சிரிப்பு. சிரிப்பை எடுத்தால் கதை செத்தது.

யாரது, "ஆதாரம் என்ன?" என்று கேட்பது? இதோ தருகிறேன். சபையோரே, இம்முறை மணி அடித்தால் யாரும் தட்டாதீர்கள். தலைவரே, தயவுசெய்து அடியுங்கள்.

ஆகா! அரங்கில் ஒரு கைகூட அசையவில்லை. ஆனால் சத்தம் மட்டும் கேட்டதே! தட்டியது யார்? தலைவரே, தாங்களேதான்! சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார். இல்லை, நிறுத்திவிட்டார். தம் உள்ளங்கைகளைப் பார்க்கிறார். ஐயா, அந்தக் கதையைத் தாங்கள் இப்போதுதான் படித்து முடித்தீர்கள்.

ஒலிபெருக்கியைக் கேட்கிறார், இதோ கொடுக்கிறேன். கேட்டீர்களா? "டாக்டரம்மா, ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். பரிசு உங்களுக்குத்தான்" என்கிறார்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பல்லோடு என் மடமையையும் பிடுங்கிய மருத்துவருக்கும் நன்றி. மணியைத் தலைவர் மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். தட்டுவதா வேண்டாமா என்பதை இனி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வணக்கம்!